நாற்பது தடவை படித்தவள்

எனக்கு இளவேனில் மேல் பொறாமை. வேறு நாசூக்கான வார்த்தைகளில் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் ஒத்துவரவில்லை. 2006-ல் அவளுக்கு இருபத்துநாலு வயது, எனக்கு நாற்பத்தொன்று. அவள் நீலசந்திரா, நான் மல்லேஸ்வரம். இரண்டு பேரும் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு தமிழில் வலைப்பதிவு எழுதினோம். ஒருத்தியை நினைத்து இன்னொருத்திக்குச் சாப்பாடு இறங்காமல் போக இது போதாதா?

வலைப்பதிவு என்றால் என்ன என்று இப்போது விளக்க வேண்டியிருக்கிறது. அப்போது தமிழில் எழுதிய அத்தனை பேருடைய பதிவுகளும் வந்து விழ ஒரு திரட்டி இருந்தது. யார் பதிவுக்குக் கடைசியாகப் பின்னூட்டம், அதாவது வாசகர் கருத்து, வந்ததோ அந்தப் பதிவு அதில் மேலே ஏறும். அதனால் பின்னூட்டம் போட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்வது வழக்கம். பத்துப் பேர் எழுதினால் நம்முடைய பத்து நன்றியோடு சேர்த்து இருபது. இதற்குப் பின்னூட்டக் கயமை என்று பதிவர்களே கேலியாகப் பெயர் வைத்திருந்தார்கள். கேலி செய்தவர்களும் அதையேதான் செய்தார்கள், நானும் செய்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே நட்சத்திர வாரம் என்று ஒன்று. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒருவருடைய பெயரைத் திரட்டியின் உச்சியில் போட்டு வைப்பார்கள். அந்த ஏழு நாளும் அவர் தினம் ஒரு பதிவு எழுத வேண்டும். கேட்டு வாங்க முடியாது, திரட்டிக்காரர்களாகக் கூப்பிட வேண்டும். எனக்கு அது வேண்டும். பதினான்கு மாதமாக எழுதுகிறேன், என்னைவிடச் சுமாராக எழுதுகிறவர்கள் முப்பது பேராவது நட்சத்திரம் ஆகிவிட்டார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் திரட்டியைத் திறந்து வேறு பெயரைப் பார்த்துவிட்டு, அன்று முழுவதும் வீட்டில் எல்லார் மீதும் எரிந்து விழுந்தேன்.

நான் எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் வயிற்றெரிச்சலில் ஒரு நியாயம் இருப்பது தெரியும். காலை ஐந்து மணிக்கு எழுந்து, முதல் காபியோடு கோடு போட்ட தாளில் பேனாவால் எழுதுவேன். எழுதியதை மேஜை இழுப்பறையில் மூன்று நாள் ஊறப் போடுவேன். நான்காம் நாள் எடுத்துப் பாதியை அடிப்பேன். பிறகு என் கணவர் அஷ்வத்தை உட்கார வைத்து உரக்கப் படித்துக் காட்டுவேன். அவர் பேப்பரை மடிக்காமலே "நன்னாருக்கு" என்பார். அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். ஒரு பதிவுக்கு ஒரு வாரம் ஆகும். நான் படித்ததெல்லாம் கன்னடத்தில். தமிழை நானாகத்தான் எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டேன், அதனால் ஒரு சொல் பிசகினாலும் எனக்குத் தாங்காது. எங்கள் தெருவின் பெயரான "எட்டாவது கிராஸ்" என்பதுதான் என் வலைப்பதிவின் பெயர், நிருபமா என்று சொந்தப் பெயரிலேயே எழுதினேன். பின்னூட்டம் ஆறு வரும். அதில் ஒன்று சிங்கப்பூர் இராஜமாணிக்கம் அவர்களுடையது, எப்போதும் "அருமை. தொடர்க." என்றுதான் இருக்கும். மிச்சம் இரண்டு பேர் அவரைப் போன்றவர்கள். மற்ற மூன்றும் என் நன்றி.

இளவேனில் ஒரு ஜூன் மாதம் வந்தாள். வலைப்பதிவின் பெயர் "கேப் வரல". ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை. அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு ரிப்போர்ட்டாகத் தட்டுகிற வேலை. மத்தியானம் கம்பெனி கேப் வந்து அழைத்துப் போகும். கேப் வருகிறவரை நீலசந்திரா பஸ் ஸ்டாப்பில் நின்றபடி ஒரு நோட்டில் கிறுக்குவாளாம். டீ பிரேக்கில் அதைத் தட்டி ஏற்றிவிடுவாளாம். திரும்பப் படிக்கிற பழக்கமே கிடையாது என்று அவளே பெருமையாக எழுதியிருந்தாள். ஊறப் போடுவதுமில்லை, அடிப்பதுமில்லை. எழுத்துப்பிழை வரிக்கு ஒன்று.

முதல் பதிவைப் படித்துவிட்டுச் சிரித்தேன். இரண்டாவதில், "எங்க தெருவுல தண்ணி வர்ற நாள்ல யாரும் சண்டை போட மாட்டாங்க. குடம் புடிக்கவே நேரம் பத்தாது. சண்டை எல்லாம் தண்ணி வராத நாள்லதான்" என்று எழுதியிருந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாவது பதிவு ஒரு கிழவரைப் பற்றியது. முகம் தெரியாத அமெரிக்கக் கிழவர். அவருடைய இருமலைப் பற்றி டாக்டர் சொன்னதை மூன்று வாரம் தட்டியிருக்கிறாள். நான்காவது வாரம் அவர் ஃபைல் வரவில்லை. "அன்னிக்கு லீவு போட்டுட்டேன். காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சு. என்ன எழுதறதுன்னு தெரியல. ஜுரம்னு எழுதினேன்." அவ்வளவுதான், பதிவு முடிந்துவிட்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். அந்தக் கிழவர் என் கையில் கிடைத்திருந்தால் நாலு பக்கம் எழுதி அவரை ஒரு வழி பண்ணியிருப்பேன் என்பது எனக்கே தெரிந்தது.

அறுபத்து மூன்று பின்னூட்டம். என் இராஜமாணிக்கம் அங்கே இரண்டு பத்தி எழுதியிருந்தார்! தன் அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றியெல்லாம். அந்த மனிதருக்கு இரண்டு பத்தி எழுத வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எனக்கு அதே வேலையாகப் போய்விட்டது. நான் மல்லேஸ்வரத்தில் ஒரு கல்லூரியில் நூலகர். மேஜையில் கம்ப்யூட்டர், அதில் நாள் முழுக்க இன்டர்நெட். காலையில் போய் விளக்குப் போடுவதற்கு முன்னால் அவள் பக்கத்தைத் திறப்பேன். எத்தனை பின்னூட்டம் என்று பார்ப்பேன். ஒரு புத்தகத்தைப் பதிந்து கொடுத்துவிட்டு மறுபடி பார்ப்பேன். இரண்டு கூடியிருக்கும். பக்கத்தின் அடியில் வருகைக் கணக்கு ஓடும், அதையும் பார்ப்பேன். வீட்டிலும் விடவில்லை. "ஏன் நிரூ, சாதம் குழைஞ்சு போறது, நீ அந்தப் பொண்ணோட பின்னூட்டத்தை எண்ணிண்டு உக்காந்திருக்கே. அவ உன்னை ஒரு தடவையாவது எண்ணியிருப்பாளா?" என்றார் அஷ்வத். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஆகஸ்டில் திரட்டியில் ஒரு பேச்சு அடிபட்டது, அடுத்த நட்சத்திரங்களில் இளவேனிலும் உண்டு என்று. இரண்டு மாதக் குழந்தை! அன்று காலை நூலகத்தில் யாரும் இல்லை. அவளுடைய புதுப் பதிவுக்கு அடியில் பின்னூட்டப் பெட்டியைத் திறந்தேன். பெயர் கேட்ட இடத்தில் அனானி என்பதைத் தேர்ந்தெடுத்தேன். எழுதினேன்:

"இதை எழுதுவது ஒரு பெண் என்று நான் நம்பவில்லை. கை தேர்ந்த ஓர் ஆண் பெண் பெயரில் எழுதுகிறார். நீலசந்திராவில் வளர்ந்த இருபத்துநாலு வயதுப் பெண்ணுக்கு இந்த எழுத்து வராது."

எழுத்துப்பிழை பார்த்தேன், அதுதான் என் பழக்கம். பிறகு அனுப்பினேன். மணி பதினொன்று இருபது. செய்தது அசிங்கம் என்று அப்போதே தெரிந்தது. தெரிந்தும் மனசுக்குக் குளுகுளுவென்று இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் நான் ஒன்றை மறந்துவிட்டேன். பின்னூட்டம் விழ விழ பதிவு மேலே ஏறும். யாரோ "அட, ஆமாம்" என்றார். யாரோ "வெட்கமாக இல்லையா அனானி?" என்றார். பெண் பெயரில் ஆண்கள் எழுதுவது அப்போது நடந்துகொண்டிருந்த விஷயம்தான், ஆகவே ஆளாளுக்கு ஆராய்ச்சி செய்தார்கள். ஒருவர் அவள் வாக்கியங்களை எண்ணி, இது நாற்பது வயது ஆண் என்று நிரூபித்தார். போட்டோ போடு என்றார்கள், போனில் பேசு என்றார்கள். மூன்று நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பின்னூட்டம். அவளைக் கீழே தள்ளப் போய், திரட்டியின் உச்சியில் நானே தூக்கி உட்கார வைத்தேன்.

இளவேனில் ஒரே ஒரு பதில் எழுதினாள். "நான்தாங்க எழுதறேன். வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அடுத்த வாரம் புதன்கிழமை காலை, அட்டெண்டர் கிருஷ்ணப்பா வந்து யாரோ ஒரு பெண் என்னைப் பார்க்க வந்திருப்பதாகக் கன்னடத்தில் சொன்னார். பழைய மாணவியாக இருக்கும் என்று நினைத்தேன். ஒல்லியாக, வெளுத்த நீலச் சுடிதாரில், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு ஒரு பெண் மேஜைக்கு எதிரில் வந்து நின்றாள்.

"மேடம், நான் இளவேனிலுங்க. 'கேப் வரல' எழுதறேன்."

என் கை தானாக மானிட்டரைத் திருப்பியது. அவள் பக்கம்தான் அதில் திறந்திருந்தது.

"உக்காரும்மா. என்னை எப்படி..."

"என் கவுன்டர்ல வர்றவங்க எங்கிருந்து பாக்கறாங்கன்னு காட்டும் மேடம். இந்தக் காலேஜ் பேரு தினமும் வரும். ஒரு நாளைக்கு நாப்பது தடவை. நாப்பதுங்க! மொதல்ல கவுன்டர் கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன்." சிரித்தாள். "வாசல்ல வந்து இங்க தமிழ் படிக்கிறவங்க யாருன்னு கேட்டேன். லைப்ரரி மேடம்னு சொன்னாங்க. நீங்கதான் எட்டாவது கிராஸ்னு போர்டுல உங்க பேரைப் பாத்துதான் தெரிஞ்சுகிட்டேன்."

அப்படியென்றால் அவள் கணக்கில் ஓடிய எண்களில் பாதி நான். எந்த எண்ணைப் பார்த்து இரண்டு மாதமாக வயிறு எரிந்தேனோ அதை நானே ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். முகம் சூடாகிவிட்டது. அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள் போலிருந்தது, தலையைக் குனிந்துகொண்டு பேசினாள்.

"வீட்ல பிரச்சனை ஆயிடுச்சு மேடம். எவனோ ரெண்டு பேரு எங்க தெருவுக்கே வந்து, இளவேனில்னு நெஜமா ஒரு பொண்ணு இருக்குதான்னு விசாரிச்சிருக்காங்க. எங்கண்ணன் அர்ஜுனன் ஆட்டோ ஓட்டுது, ஸ்டாண்ட்லயே கேட்டிருக்காங்க. வீட்டுக்கு வந்து ஒரே சத்தம். எழுதறதை நிறுத்துன்னு சொல்லுது. நான் இன்னும் பதில் சொல்லல."

மேஜை மேல் கிடந்த புத்தகங்களை எடுத்து அடுக்கினேன்.

"அண்ணனுக்குப் பதில் சொல்லணும்னா, எனக்கு ஒண்ணு தெரியணும் மேடம். நான் எழுதறது நல்லாருக்குதா? அருமை, சூப்பர்னு எல்லாரும் போடறாங்க. அது எல்லாருக்குமே போடறதுதானே. நீங்க நல்லா எழுதறவங்க. என்னை நாப்பது தடவை படிக்கறவங்க. நீங்க சொன்னா நம்புவேன். நல்லாருக்குன்னா அண்ணன்கிட்ட சண்டை போட்டாவது எழுதுவேன். இல்லேன்னா விட்டுடறேன்."

நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்தில் நான் அழுதிருக்க வேண்டும். எனக்கு வந்தது அழுகை இல்லை. ஒரு நிம்மதி. இவளை என் கையிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்களே என்கிற நிம்மதி. ஒரே ஒரு வார்த்தை போதும். அந்தக் கிழவரும் அவருடைய இருமலும் என் கண் முன்னால் வந்து நின்றார்கள். இதைவிட நல்ல மூன்று வரியை இந்த வருஷம் நான் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"உன்கிட்ட விஷயம் இருக்கும்மா," என்றேன். என் குரல் எனக்கே இனிப்பாகக் கேட்டது. "ஆனா எழுத்து இன்னும் பக்குவப்படலை. அவசரப்படறே. கொஞ்ச நாள் நிறுத்தி வை. நெறையப் படி. ரெண்டு மூணு வருஷம் போகட்டும், அப்புறம் எழுதலாம்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரிங்க மேடம்," என்றாள். பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு தாளைக் கிழித்துத் தன் செல் நம்பரை எழுதி மேஜையில் வைத்தாள். "படிக்கறதுக்கு நல்ல புக்கு ஏதாவது இருந்தா சொல்லுங்க." கேப்புக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் பக்கத்தைத் திறந்தேன். அப்படி ஒரு வலைப்பதிவு இல்லை என்று வந்தது. மறுபடி திறந்தேன், அதே பதில்தான். கிழவர், தண்ணிக் குழாய், இராஜமாணிக்கத்தின் அப்பா, இருநூற்றுப் பன்னிரண்டு பின்னூட்டம், என் அனானி உட்பட எல்லாம் போய்விட்டது.

பதினைந்து நாள் கழித்துத் திரட்டியிலிருந்து எனக்கு மடல் வந்தது. "வரும் வாரத்துக்கு அழைத்திருந்தவர் விலகிக்கொண்டதால், குறுகிய அவகாசத்தில் தங்களைக் கேட்கிறோம். பொறுத்தருளவும்." யார் விலகியது என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

ஒப்புக்கொண்டேன், ஒப்புக்கொள்ளாமல் இருப்பேனா? திங்கட்கிழமை என் பெயர் உச்சியில் இருந்தது. அஷ்வத் அலுவலகத்தில் எல்லாருக்கும் காட்டினாராம். வரும்போது சம்பிகே ரோட்டில் மைசூர்பாகு வாங்கிவந்தார். என் இழுப்பறையில் ஊறிக்கொண்டிருந்த மூன்று பதிவுகளைத் திங்கள், செவ்வாய், புதன் என்று போட்டேன். இருபத்தைந்து, முப்பது என்று பின்னூட்டம் வந்தது. "அருமை. தொடர்க." என்றார் இராஜமாணிக்கம். எண்ணிப் பார்த்தேன். எண்ணியதும் அடுத்தது என்ன செய்வது என்று தெரியவில்லை. எட்டிப் பார்த்து ஒப்பிட இன்னொரு பக்கம் இல்லை.

வியாழக்கிழமைக்கு இழுப்பறையில் ஒன்றும் இல்லை. ஐந்து மணிக்கு எழுந்து காபி போட்டுக்கொண்டு தாளின் முன்னால் உட்கார்ந்தேன். ஆறரை வரைக்கும் ஒரு வரி வரவில்லை. கடந்த மூன்று மாதமாக நான் எழுதிய ஒவ்வொரு வரியும் அவளைவிட நன்றாக எழுத வேண்டும் என்று எழுதியது. அவளை அப்புறப்படுத்தினேன், எழுத்தும் கூடவே போய்விட்டது. இது புரிந்தபோது எனக்கு என் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

நூலகத்துக்குப் போய், அவள் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் நேரம்வரை காத்திருந்து போன் செய்தேன்.

"இளவேனில், நான் நிருபமா பேசறேன். காலேஜ் லைப்ரரி."

"சொல்லுங்க மேடம். நட்சத்திரம் ஆயிட்டீங்க. பாத்தேன்." பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.

நாலு விதமாக ஆரம்பிக்க யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. "அந்த அனானி நான்தான்," என்றேன்.

"தெரியும் மேடம்."

"என்ன?"

"கவுன்டர்ல டைமும் காட்டும். பதினொண்ணு இருபதுக்குப் பின்னூட்டப் பெட்டியைத் தொறந்தது உங்க காலேஜ் ஒண்ணுதான். திட்டணும்னுதான் உங்களைப் பாக்க வந்தேன். போர்டுல பேரைப் பாத்ததும், எட்டாவது கிராஸ் எழுதறவங்களா இதுன்னு ஆயிடுச்சு. உங்க பதிவெல்லாம் நான் நோட்ல எழுதி வெச்சிருக்கேன் மேடம். வார்த்தை கத்துக்க."

போனைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டேன்.

"தெரிஞ்சும் ஏன் என்கிட்ட கேட்டே?"

"உங்களைவிட அதிகமா என்னைப் படிச்சவங்க யாரு இருக்காங்க? பொய் சொன்னாலும் உங்களுக்கு உண்மை தெரியும்ல. அதான் கேட்டேன். உங்க மூஞ்சியில பதில் இருந்துச்சு."

"நான் சொன்னது..."

"நல்லா இல்லாததை யாரும் நாப்பது தடவை படிக்க மாட்டாங்க மேடம்."

எதிர்முனையில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். நான் அவசர அவசரமாகப் பேசினேன். நான் செய்தது தப்பு, இன்றைக்கே திரட்டியில் என் பெயர் போட்டு ஒப்புக்கொள்கிறேன், உன் அண்ணனிடம் வந்து நானே பேசுகிறேன், நீ பழையபடி எழுது என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஒப்புக்கறது உங்க இஷ்டம் மேடம். அண்ணன்கிட்ட எல்லாம் வர வேணாம், அதுக்கு மறந்து போச்சு. நான் எழுதிகிட்டுதான் இருக்கேன்."

"எங்கே? அந்தப் பக்கம் இல்லையே."

"அதை அழிச்சிட்டேன். போன வாரம் புதுசா ஆரம்பிச்சேன், வேற பேர்ல. பொம்பளைப் பேரா ஆம்பளைப் பேரான்னு கூடத் தெரியாது. எழுத்தையும் மாத்திகிட்டேன். பிழை பாக்கறேன் இப்பல்லாம்."

"என்ன பேரு?"

அந்தப் பக்கம் ஒரு வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"யாருக்கு வேணாலும் சொல்லுவேன் மேடம். உங்களுக்கு மட்டும் சொல்ல மாட்டேன். கேப் வந்துடுச்சு, வெச்சிடறேன்."

அன்று மாலை என் நட்சத்திரப் பதிவாக நடந்ததை எழுதினேன். ஊறப் போடவில்லை, யாருக்கும் படித்துக் காட்டவில்லை. திட்டி நிறைய வந்தது, எல்லாவற்றையும் வெளியிட்டேன். வெள்ளிக்கிழமை காலை திரட்டியில் என் பெயர் இருந்த இடம் காலியாக இருந்தது.

அதற்கு முந்தைய பதினைந்து நாளில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று ஒரு பட்டியல் ஓரமாக இருக்கும். பதினேழு பேர். திருச்சி என்று ஒருவர், துபாய் என்று ஒருவர், ஊரே போடாதவர்கள் ஆறு பேர். அஷ்வத்தை வெளியில் சாப்பிட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, சனி ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து பதினேழு பேரையும் முதலிலிருந்து படித்தேன். மூன்று பேர் நன்றாக எழுதுகிறார்கள். அதில் அவள் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று பேர் மேலும் வயிறு எரிகிறது.